இணையக் கற்றல் தளம் பற்றிய மாணவர் திருப்திக் கணிப்பு: சராசரி 3.84 என்று வந்திருக்கிறது, அப்படியே அறிக்கையில் எழுதலாமா?

வினாநிரல் என்ற பயனர் கேட்டது:

வணக்கம். ஒரு கல்லூரியின் இணையக் கற்றல் தளம் பற்றி மாணவர்களிடம் எடுத்த திருப்திக் கணிப்பின் தரவு இது. அறிக்கை எழுதும் முன் சில இடங்கள் இடிக்கின்றன. விவரம் முழுவதையும் தருகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளத்தில் பதிவு செய்திருப்பவர்கள் 1,840 பேர். முதலாண்டு 700, இரண்டாமாண்டு 620, மூன்றாமாண்டு 520. கணிப்புக்கான இணைப்பு தளத்தின் முகப்பிலேயே இரண்டு வாரம் இருந்தது. பெயர், பதிவெண் எதுவும் கேட்கவில்லை. நிரப்பியவர்கள் 412 பேர். ஆண்டு வாரியாக 90, 142, 180.

மொத்தம் 24 கேள்விகள். 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதற்கு 1, 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதற்கு 5. பாடப்பொருளுக்கு 6 கேள்விகள், பயன்பாட்டு எளிமைக்கு 5, ஆசிரியர் மறுமொழிக்கு 5, தொழில்நுட்ப நிலைத்தன்மைக்கு 4, நேரலை வகுப்புக்கு 3. கடைசியாக 24ஆம் கேள்வி, 'மொத்தத்தில் இந்தத் தளம் எனக்குத் திருப்தி தருகிறது'. நேரலை வகுப்புக் கேள்விகளில் மட்டும் 'கலந்துகொண்டதில்லை' என்ற தெரிவும் உண்டு. 96 பேர் மூன்று கேள்விகளிலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பகுதிவாரிச் சராசரி: பாடப்பொருள் 4.25, எளிமை 3.76, ஆசிரியர் மறுமொழி 3.64, நிலைத்தன்மை 4.20, நேரலை 2.99, கேள்வி 24க்கு 3.89. எல்லாம் சேர்த்து 3.84. நேரலைப் பகுதியின் திட்டவிலக்கம் (பதில்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 1.83, மற்ற பகுதிகளில் ஒன்றுக்கும் குறைவு.

24 கேள்விகளுக்கும் சேர்த்துக் கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகளின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.86. எளிமைப் பகுதிக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் 0.29. அந்தப் பகுதியில் 9ஆம் கேள்வியின் சராசரி 2.28; மற்ற நான்கும் 4ஐத் தாண்டுகின்றன. 9ஆம் கேள்வி, 'தேவையான பாடத்தைத் தேடி எடுக்கத் தடுமாறுகிறேன்'.

24ஆம் கேள்விக்கு 4 அல்லது 5 கொடுத்தவர்கள் 300 பேர் (முதலாண்டில் 57, இரண்டாமாண்டில் 103, மூன்றாமாண்டில் 140). ஆண்டு வேறுபாட்டுக்குக் கிரஸ்கல்-வாலிஸ் சோதனை (தரவரிசையை வைத்துக் குழுக்களை ஒப்பிடுவது) செய்ததில் எச் = 9.8, பி = 0.007. துறைவாரியாகக் கை-வர்க்கச் சோதனை (எண்ணிக்கை அட்டவணையில் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) செய்தால், எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழ் உள்ள கட்டங்கள் அதிகம் என்று மென்பொருள் எச்சரிக்கிறது. துறைகள் 7.

என் கேள்விகள்: ஆல்ஃபா 0.29 என்பதற்காக எளிமைப் பகுதியையே நீக்கிவிடலாமா? நேரலை வகுப்புதான் மிக மோசம் என்று எழுதலாமா? 'ஆண்டுக்கு ஆண்டு பெரிய வேறுபாடு' என்று எழுதலாமா? எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை ரெக்ரஷன் (ஒரு மதிப்பை மற்றவற்றைக் கொண்டு விளக்கும் கணக்கு) மூலம் சொல்ல முடியுமா?


அளவுகோல் எழுதியது:

எந்தச் சோதனைக்கும் போவதற்கு முன் தரவைச் சுத்தம் செய்யுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே இரண்டு பிழைகள் தெரிகின்றன.

முதல் பிழை நேரலைப் பகுதியில். 1 முதல் 5 வரையிலான அளவில் திட்டவிலக்கம் ஏறத்தாழ 2க்கு மேல் போகவே முடியாது. அந்த 2கூடப் பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்று பிரிந்தால்தான் வரும். 1.83 என்றால் கோப்பில் 1க்குக் கீழே ஏதோ எண் புகுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 'கலந்துகொண்டதில்லை' என்ற தெரிவைத் தளம் 0 என்று ஏற்றுமதி செய்திருக்கும். சரிபார்ப்பது எளிது: 2.99 × 412 = 1,232. இதை 412க்குப் பதிலாக 316ஆல், அதாவது உண்மையிலேயே கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 3.90 வருகிறது. நேரலை வகுப்பு மோசம் என்று எழுதியிருந்தால் நன்றாக நடக்கும் ஒன்றை மாற்றியமைக்கச் சொல்லியிருப்பீர்கள். அந்த 0க்களை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் என்றால் வேரியபிள் வியூவில் மிஸ்ஸிங் பத்தியில் விடுபட்ட மதிப்பாக அறிவியுங்கள். விரிதாள் என்றால் கட்டத்தைக் காலியாக்குங்கள். அந்த இடத்தில் 3 போட்டு நிரப்பாதீர்கள். கலந்துகொள்ளாதவருக்கு நடுநிலைக் கருத்து இருப்பதாக நாமே சொல்வதாகிவிடும்.

இரண்டாவது, 9ஆம் கேள்வி. அது எதிர்மறைக் கேள்வி. 'ஏற்கிறேன்' என்றால் அதிருப்தி. அதைத் திருப்பிக் குறியிடாமல் விட்டிருக்கிறீர்கள். 6இலிருந்து கழித்தால் போதும்: 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், சராசரி 2.28 என்பது 3.72 ஆகும். ஆல்ஃபா ஏன் இவ்வளவு விழுந்தது என்பதற்கும் இதுவே காரணம். ஐந்து கேள்விகளுக்குள் சராசரி ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்பது) 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா 5 × 0.4 ÷ (1 + 4 × 0.4), அதாவது 0.77. அவற்றில் ஒன்று மட்டும் தலைகீழாக நின்றால், 10 இணைகளில் 4 இணைகள் கழித்தல் குறியோடு வரும். சராசரி ஒட்டுறவு 0.08க்கு இறங்கும், ஆல்ஃபா 0.30. உங்களுக்கு வந்த 0.29 இதற்கு அப்படியே பொருந்துகிறது. எனவே பகுதியை நீக்க வேண்டாம், கேள்வியைத் திருப்புங்கள். அனலைஸ், ஸ்கேல், ரிலையபிலிட்டி அனாலிசிஸ் வழியாகப் போய் 'ஸ்கேல் இஃப் ஐட்டம் டெலீட்டட்' கட்டத்தைத் தேர்ந்தால், எந்தக் கேள்வியின் திருத்திய ஒட்டுறவு கழித்தலில் நிற்கிறது என்று அந்த அட்டவணை காட்டிக்கொடுக்கும். ஜமோவி, ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருள்களிலும் இதே வசதி உண்டு.

இவ்விரண்டையும் திருத்தினால் எளிமை 3.76இலிருந்து 4.05 ஆகிறது, நேரலை 3.90 ஆகிறது, கேள்விகளின் மொத்தச் சராசரி 3.84இலிருந்து ஏறத்தாழ 4.01 ஆகிறது. இப்போது கடைசியில் நிற்பது ஆசிரியர் மறுமொழி, 3.64. நேரலையின் 2.99க்குப் பின்னால் இதுவரை அது மறைந்திருந்தது.

0.86 பற்றியும் ஒரு வார்த்தை. 24 கேள்விகளைச் சேர்த்தால், அவற்றுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலே ஆல்ஃபா 0.86 வந்துவிடும். கேள்விகளின் எண்ணிக்கை கூடினால் ஆல்ஃபாவும் கூடும். எனவே 'எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தை அளக்கின்றன' என்பதற்கு இது சான்றே இல்லை. ஆல்ஃபாவைப் பகுதிவாரியாக மட்டும் அறிக்கையில் கொடுங்கள்.

பிரிவுகள் நீங்கள் நினைத்தபடிதான் இருக்கின்றனவா என்று பார்க்க 24ஆம் கேள்வியை விட்டுவிட்டு, மற்ற 23க்கும் காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) செய்யலாம். 412 பேர் அதற்குப் போதும். நேரலையின் 3 கேள்விகளைச் சேர்க்கும்போது 316 பேர்தான் இருப்பார்கள், அதுவும் போதும். ஐந்தே படிநிலை உள்ள தரவு என்பதால் வழக்கமான பியர்சன் ஒட்டுறவைவிட, படிநிலைத் தரவுக்கான பாலிகோரிக் ஒட்டுறவு பொருத்தமானது. எத்தனை காரணிகள் என்பதற்கு 'ஐகன் மதிப்பு 1க்கு மேல்' என்ற விதியை நம்பாதீர்கள், அது தேவைக்கு அதிகமாகவே எடுத்துக்கொடுக்கும். ஹார்ன் 1965இல் முன்வைத்த இணைப் பகுப்பாய்வு (தற்செயல் எண்களோடு ஒப்பிட்டு முடிவு செய்வது) பல மென்பொருள்களில் தயாராகவே இருக்கிறது.

படிக்காமல் நிரப்பியவர்களையும் தேடுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் 20 கேள்விகளின் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். திருப்பிக் குறியிடும் முன்புள்ள மூலத்தரவில் செய்ய வேண்டும். 0 வந்தால் அவர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் குத்தியிருக்கிறார். எளிமை என்பதற்கும் 5, 'தடுமாறுகிறேன்' என்பதற்கும் 5 என்றால் அது முரண். ஆனால் எல்லாவற்றுக்கும் 3 போட்டவரிடம் இந்த முரண் தெரியாது, 6இலிருந்து 3 போனாலும் 3தான். நிரப்ப எடுத்த நேரம் பதிவாகியிருந்தால் கேள்விக்கு 2 நொடிக்கும் குறைவானவர்களைக் குறித்துவையுங்கள். உடனே அழித்துவிடாமல், அவர்களோடு ஒருமுறையும் அவர்கள் இல்லாமல் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறினால் இரண்டையும் எழுத வேண்டும்.


மாதிரிவலை எழுதியது:

அளவுகோல் சொன்ன திருத்தத்துக்குப் பிறகும் 4.01 என்ற எண்ணை நான் நம்பமாட்டேன். யார் பதில் சொன்னார்கள் என்பதே இங்கே பெரிய சிக்கல்.

1,840 பேருக்கு 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று கணக்கிட்டால் 318 பேர் போதும் என்று வரும். 412 அதைத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கானது. உங்களுடையது தானாக வந்து நிரப்பியவர்களின் தொகுப்பு, பதில் விகிதம் 22.4 சதவீதம். மீதி 1,428 பேரைப் பற்றிச் சூத்திரத்துக்கு எதுவும் தெரியாது. எந்த ஊகமும் இல்லாமல் எல்லைகளை மட்டும் பார்த்தால், திருப்தி அடைந்தவர்கள் 1,840இல் குறைந்தபட்சம் 300 பேர் (16.3 சதவீதம்), அதிகபட்சம் 1,728 பேர் (93.9 சதவீதம்). ஊகம் இல்லாமல் தரவு மட்டும் சொல்வது அவ்வளவுதான். இடைவெளியைக் குறைக்க ஊகம் வேண்டும், அந்த ஊகத்தை வெளிப்படையாக எழுத வேண்டும்.

இணைப்பு எங்கே இருந்தது என்று பாருங்கள்: தளத்தின் முகப்பில். உள்ளே நுழைய முடியாதவர், பக்கம் ஏறாமல் வெளியேறியவர், வெறுத்து விட்டுவிட்டவர் எவரும் அதைக் கண்டிருக்கவே மாட்டார். ஆகவே 'நிலைத்தன்மை 4.20' என்பதைத் தளம் யாருக்கு வேலை செய்ததோ அவர்களின் மதிப்பெண்ணாக மட்டும் படியுங்கள். இந்த ஒரு பகுதியை எந்த எடையிடலும் (சிலரின் பதிலைக் கூட்டியோ குறைத்தோ கணக்கிடுவது) முழுதாகச் சரிசெய்யாது. அடுத்த முறை இணைப்பு மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் போக வேண்டும்.

ஆண்டுவாரி ஏற்றத்தாழ்வை மட்டும் இப்போதே சரிசெய்யலாம். முதலாண்டு மாணவர்கள் மொத்தத்தில் 38 சதவீதம், பதிலளித்தவர்களில் 22 சதவீதமே. எடை = மக்கள்தொகைப் பங்கு ÷ மாதிரிப் பங்கு:

முதலாண்டு: (700/1840) ÷ (90/412) = 1.74
இரண்டாமாண்டு: (620/1840) ÷ (142/412) = 0.98
மூன்றாமாண்டு: (520/1840) ÷ (180/412) = 0.65

முதலாண்டில் 57/90 என்பது 63.3 சதவீதம், இரண்டாமாண்டில் 72.5, மூன்றாமாண்டில் 77.8. எடையிட்டால் மொத்தத் திருப்தி 72.8 சதவீதத்திலிருந்து 70.5க்கு இறங்குகிறது. எடையிட்டதற்கு விலையும் உண்டு: எடைகளின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தை எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் பயனுறு மாதிரி அளவு 412 அல்ல, சுமார் 351. அதன்படி 70.5க்குப் பிழை எல்லை கூட்டல் கழித்தல் 4.8 சதவீதப் புள்ளிகள். இந்த எல்லையும் ஒரே ஆண்டுக்குள் பதில் சொன்னவரும் சொல்லாதவரும் ஒத்த கருத்துடையவர்கள் என்ற ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த வாக்கியத்தை அறிக்கையில் விட்டுவிடாதீர்கள்.

எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: 'வெயிட் கேஸஸ்' கட்டளை எடையை ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும்; சராசரி சரியாக வரும், பிழை எல்லையும் பி மதிப்பும் தவறும். அதற்கென்று இருக்கும் காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ் பகுதியோ ஆர் மொழியின் சர்வே பொதியோ வேண்டும்.

ஊகம் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க இரண்டு வழிகள். பதில்களை வந்த தேதிப்படி பிரித்து முதல் மூன்று நாள் வந்தவற்றையும் கடைசி மூன்று நாள் வந்தவற்றையும் ஒப்பிடுங்கள். தாமதமாக நிரப்பியவர்கள் நிரப்பாதவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானவர்கள் என்று வழக்கமாகக் கொள்வார்கள். இதைவிட வலுவான வழி: பதிவுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 60 பேரை எடுத்து 24ஆம் கேள்வியை மட்டும் தொலைபேசியில் கேட்பது. ஒரே கேள்வி என்பதால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். அந்த 60 பேரின் விகிதம் 70க்கு மிகத் தள்ளி நின்றால் 412இன் முடிவை மாணவர் அனைவருக்கும் நீட்டிப் பேச முடியாது.


தாளவரிசை எழுதியது:

ஆண்டு வேறுபாட்டுக்கு வருகிறேன். பி = 0.007 என்பது, உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இப்படியொரு முடிவு தற்செயலாக வர வாய்ப்புக் குறைவு என்று சொல்கிறதே தவிர, பெரிய வேறுபாடு என்று சொல்லவில்லை. அளவைச் சொல்ல எப்சிலான் வர்க்கம் போதும்: எச் ÷ (எண்ணிக்கை − 1) = 9.8 ÷ 411 = 0.024. தரவரிசையில் உள்ள மாறுபாட்டில் 2.4 சதவீதம்தான் ஆண்டால் வருகிறது. 'பெரிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மூன்று சதவீதங்களையும் (63.3, 72.5, 77.8) அப்படியே எழுதுங்கள், படிப்பவர் தாமே எடைபோடட்டும்.

எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் வேறுபாடு என்று கிரஸ்கல்-வாலிஸ் சொல்லாது. டன் சோதனையில் மூன்று இணைகளையும் ஒப்பிட்டு, பல ஒப்பீடுகளால் வரும் தவறைக் குறைக்க ஹோம் முறையில் திருத்துங்கள்: மிகச் சிறிய பி மதிப்பை 0.0167உடன், அடுத்ததை 0.025உடன், கடைசியை 0.05உடன் ஒப்பிட வேண்டும். ஓரிடத்தில் தவறினால் அதற்குப் பிறகு உள்ளவற்றையும் விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். லைக்கர்ட் தரவு (இப்படி மறுப்பு முதல் ஏற்பு வரை எண்ணிட்ட பதில்) என்றால் இடைநிலை, அதாவது மீடியன் மட்டும்தான் எழுத வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். உங்கள் தரவில் மூன்று ஆண்டுக்கும் 24ஆம் கேள்வியின் மீடியன் 4 அல்லது 5 என்றுதான் வரும், மூன்றுமே 4 என்று வரவும் வாய்ப்பு அதிகம். அப்போது வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. தனிக் கேள்விக்கு ஐந்து தெரிவுகளின் சதவீதப் பரவலைக் கொடுங்கள். ஐந்தாறு கேள்விகளின் கூட்டு மதிப்பெண்ணுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் தாராளமாக எழுதலாம். லைக்கர்ட் 1932இல் முன்வைத்ததும் பல கூற்றுகளின் கூட்டு மதிப்பெண்ணைத்தான். ஒற்றைக் கேள்வியை அல்ல.

கை-வர்க்க எச்சரிக்கை எதனால் வருகிறது என்றால், 7 துறை × 5 தெரிவு = 35 கட்டங்கள். 28 பேர் உள்ள துறை ஒன்றையும், மொத்தம் 15 பேர் மட்டும் தேர்ந்த 'முற்றிலும் மறுக்கிறேன்' தெரிவையும் எடுத்துக்காட்டுக்கு எடுத்தால், அந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 28 × 15 ÷ 412, அதாவது 1தான். 5க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பி மதிப்பை நம்பக் கூடாது. 1ஐயும் 2ஐயும் சேர்த்துவிடலாம். அதைவிட, துறைக்கும் கிரஸ்கல்-வாலிஸே செய்யுங்கள். கை-வர்க்கத்துக்கு 4க்கும் 5க்கும் இடையில் வரிசை இருப்பது தெரியாது, உங்களிடம் உள்ள தகவலில் ஒரு பகுதியை வீணாக்கும். 10 பேருக்கும் குறைவாகப் பதிலளித்த துறையின் எண்ணைத் தனியாக வெளியிடாதீர்கள். பெயர் கேட்காவிட்டாலும் துறையும் ஆண்டும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்களின் பதில்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வகுப்பிலிருந்து சராசரியாக 20 பேர், வகுப்புக்குள் ஒட்டுறவு 0.05 என்று கொண்டால், மாறுபாடு 1 + 19 × 0.05 = 1.95 மடங்காகும். அதாவது 412 பேரின் பதில் 211 பேரின் பதிலுக்குச் சமம். ஆசிரியர் மறுமொழிப் பகுதியில் இது இன்னும் கூடுதலாகவே இருக்கும். வகுப்பு விவரம் கோப்பில் இருந்தால், அதைச் சேர்த்துப் பலநிலை மாடலில் (மாணவர், வகுப்பு என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுவது) ஓட்டுவதே முறை.


வினாநிரல் எழுதியது:

மிக்க நன்றி. ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த 96 பேருக்கும் 0தான் இருக்கிறது. 9ஐத் திருப்பியதும் எளிமைப் பகுதியின் ஆல்ஃபா 0.78. ரெக்ரஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே? அத்துடன், போன பருவத்திலும் இதே கேள்விகளோடு கணிப்பு நடந்திருக்கிறது. இரண்டுக்கும் இணை டி சோதனை (ஒவ்வொருவரின் முன், பின் பதில்களை ஒப்பிடுவது) செய்யலாமா?


அளவுகோல் எழுதியது:

24ஆம் கேள்வியைச் சார்பு மாறியாகவும் பகுதிச் சராசரிகளை விளக்கும் மாறிகளாகவும் வைத்து வரிசைநிலை லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (1 முதல் 5 போன்ற வரிசைப் பதில்களுக்கானது) ஓட்டுங்கள். 1க்கு மிகக் குறைவான பேர் இருந்தால் 1ஐயும் 2ஐயும் இணைத்து நான்கு நிலைகளாக்குங்கள்.

நீங்கள் சறுக்கக்கூடிய இடம் நேரலைப் பகுதி. அதை ரெக்ரஷன் மாடலில் சேர்த்த உடனே மென்பொருள் 96 பேரையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு 316 பேரோடு கணக்கை முடித்துவிடும். எனவே இரண்டு மாடல்கள்: நேரலை இல்லாமல் 412 பேருக்கும் ஒன்று, நேரலையோடு 316 பேருக்கு ஒன்று. இரண்டின் எண்ணிக்கையையும் அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள்.

முடிவைப் படிக்கும் விதம்: ஆட்ஸ் என்பது ஒன்று நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது. ஆசிரியர் மறுமொழிக்கு ஆட்ஸ் விகிதம் 2 என்று வந்தால், மற்றவை மாறாமல் அந்தப் பகுதியில் ஒரு புள்ளி கூடும்போது 24ஆம் கேள்வியில் மேல்நிலையில் இருப்பதற்கான ஆட்ஸ் இரண்டு மடங்காகிறது என்று பொருள். 'திருப்தி இரண்டு மடங்காகும்' என்று எழுதிவிடாதீர்கள். இந்த மாடல், 1இலிருந்து 2க்குத் தாண்டுவதிலும் 4இலிருந்து 5க்குத் தாண்டுவதிலும் ஆட்ஸ் விகிதம் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'டெஸ்ட் ஆஃப் பேரலல் லைன்ஸ்' அதைச் சோதிக்கும். பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அந்தப் பின்னலை அளக்கும் விஐஎஃப் மதிப்பையும் பாருங்கள். 5ஐத் தாண்டினால் தனித்தனிக் கெழுக்களை நம்ப முடியாது, அடுத்த பருவத் தரவில் வரிசையே புரளும்.

இன்னொன்று. காரணமும் விளைவும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே தாளில் எழுதியவை. தளம் பிடித்தவர் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடுவார், பிடிக்காதவர் எல்லாவற்றிலும் குறைப்பார். அந்தப் பொதுவான சாய்வு கெழுக்களை ஊதிப் பெரிதாக்கக்கூடும். எனவே 'எது எவ்வளவு' என்பதைவிட 'எது எதைவிட அதிகம்' என்ற வரிசையை மட்டும் நம்பலாம். ஆசிரியர் மறுமொழி எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்ற தளப் பதிவை வகுப்புவாரியாக எடுத்து, வகுப்புவாரிச் சராசரித் திருப்தியோடு ஒப்பிட்டால் இந்தச் சாய்வுக்கு வெளியே ஒரு சான்று கிடைக்கும். வகுப்பளவில் சேர்ப்பதால் பெயரில்லாத தன்மையும் கெடாது.

நிர்வாகத்துக்குக் காட்ட முக்கியத்துவம்-செயல்பாடு வரைபடம் போடுங்கள். மார்ட்டிலாவும் ஜேம்ஸும் 1977இல் கொண்டுவந்தது. கிடையச்சில் பகுதிச் சராசரி, நிலையச்சில் அந்தப் பகுதிக்கும் 24ஆம் கேள்விக்கும் உள்ள தரவரிசை ஒட்டுறவு. செங்குத்துக் கோட்டை அளவின் நடுவான 3இல் போட்டால் உங்கள் பகுதிகள் எல்லாமே வலப்பக்கம் போய்விடும், வரைபடம் ஒன்றும் சொல்லாது. அதைப் பகுதிச் சராசரிகளின் சராசரியிலும், கிடைக்கோட்டை ஒட்டுறவுகளின் சராசரியிலும் போடுங்கள். இடது மேல் கட்டத்தில் விழுவதுதான் முதலில் கைவைக்க வேண்டியது. ஆசிரியர் மறுமொழி இடப்பக்கம் விழும் என்பது இப்போதே தெரிகிறது. மேலா கீழா என்பதை ஒட்டுறவு சொல்லட்டும்.

எளிமைப் பகுதியை அடுத்த முறை எஸ்யூஎஸ் என்ற, பயன்பாட்டு எளிமையை அளக்கும் பொதுக் கேள்வித்தாளால் மாற்றலாம். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது, 10 கேள்விகள், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை. ஒற்றைப்படைக் கேள்வியில் 1ஐக் கழிக்கவும், இரட்டைப்படைக் கேள்வியை 5இலிருந்து கழிக்கவும், பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கவும். 0 முதல் 100 வரை வரும், ஆனால் அது சதவீதம் அல்ல. பொதுவாக 68ஐ நடுத்தரமாகக் கொள்கிறார்கள். படிக்காமல் ஒரே எண்ணைக் குத்தியவர் எந்த எண்ணைக் குத்தினாலும் அவருக்குச் சரியாக 50 வரும், எனவே அவர்களைத் தேடுவதும் சுலபம்.


மாதிரிவலை எழுதியது:

இணை டி சோதனை முடியாது. போன பருவத்தில் நிரப்பியவர் யார், இந்தப் பருவத்தில் நிரப்பியவர் யார் என்று இணைக்கும் வழி உங்கள் கோப்பில் இல்லை. வரிசை எண் ஒன்றாக இருப்பதால் முதல் வரிக்கு முதல் வரி என்று மென்பொருள் இணைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இரண்டையும் தனித்தனி மாதிரிகளாகக் கொண்டு மான்-விட்னி அல்லது வெல்ச் டி சோதனை செய்யுங்கள். இரண்டிலும் ஒரே ஆட்கள் பலர் இருந்திருக்கலாம், அதனால் பி மதிப்பு உண்மையில் இருக்க வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக வரும். அதாவது உள்ள வேறுபாட்டைக் கோட்டைவிட வாய்ப்பு உண்டு, இல்லாததைக் காட்டும் ஆபத்து குறைவு. ஒப்பிடும் முன் போன பருவத் தரவிலும் 9ஆம் கேள்வி, 0 குறியீடு, ஆண்டுவாரி எடை மூன்றையும் இதே முறையில் திருத்துங்கள். ஒன்றில் எடை போட்டு மற்றொன்றில் விட்டால், ஆண்டுக் கலவை மாறியதே திருப்தி மாறியதுபோல் தெரியும். இரண்டுக்கும் இடையில் கல்வியாண்டு மாறியிருந்தால் ஆள் தொகுப்பே வேறு: மூன்றாமாண்டு வெளியேறியிருக்கும், புது முதலாண்டு வந்திருக்கும்.

அடுத்த பருவத்திலிருந்து பெயர் கேட்காமலே இணைக்க, மாணவரே உருவாக்கும் குறியீடு ஒன்றைச் சேருங்கள்: தாயின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள் (மாதமும் ஆண்டும் வேண்டாம்), கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். கைபேசி எண் மாறக்கூடும் என்பதால் 'இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த எண்' என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். எழுத்தைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு குறியீடாகிவிடுவார். ஒரே பருவத்தில் ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால், ஒப்பீட்டுக்கு மட்டும் அந்த இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். இணைந்தவர்கள் எத்தனை, இணையாதவர்கள் எத்தனை, 24ஆம் கேள்வியில் இரு தரப்பின் சதவீதம் என்ன என்பதை முதலில் ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இணைந்தவர்களுக்கு வில்காக்ஸன் குறித் தரவரிசைச் சோதனையைச் செய்யுங்கள்.